சுவரில் எழுதிய விழுமியமும் விதியில் எழுதிய விழுமியமும்: ஜூடோவை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

பாரம்பரியத் தற்காப்புக் கலைகளை வணிகம் கெடுத்துவிட்டது என்ற ஆதங்கம் எங்கும் கேட்கிறது. அந்த ஆதங்கத்தில் உண்மை உண்டு. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பயிற்சிக்கூடத்தை நடத்த முடியாது. எது கெட்டது, எந்த இடத்தில் கெட்டது, எந்தத் தூண்டுதல் அதைக் கெடுத்தது என்று பிரித்துப் பார்த்தால்தான் திருத்தும் வழி புலப்படும். அப்படிப் பிரித்துப் பார்க்கத் தேதிகளும் விதிகளும் தெளிவாகப் பதிவாகியுள்ள ஒரு கலை வேண்டும். ஜூடோ அத்தகையது. நிறுவியவர் யார், எந்த ஆண்டு எந்த விதி மாறியது, அதன் விளைவு என்ன என்பதெல்லாம் பதிவில் இருக்கின்றன. பள்ளிப் பாடம், ஒலிம்பிக், தொலைக்காட்சி, குழந்தைகளுக்கான மாலை வகுப்பு என்று ஒரு கலை சந்தைக்குள் நுழையும் எல்லா வாசல் வழியாகவும் அது நுழைந்திருக்கிறது.

இந்த ஆய்வின் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறோம். தேர்வு முறை, புள்ளி விதி, பாட வரிசை, கட்டண அமைப்பு ஆகியவற்றுக்குள் ஒரு விழுமியம் பொதிந்திருந்தால் அது பிழைக்கிறது. சுவரில் தொங்கும் வாசகமாக மட்டும் இருந்தால், வாடகை கட்ட முடியாத முதல் மாதத்திலேயே அது விலகிப் போகிறது.

பன்னிரண்டு பாய்களில் தொடக்கம்

ஜூடோவை நிறுவிய கானோ ஜிகோரோ 1882இல் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் கோடோகன் என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 21. இடம் 12 டாடாமி பாய்கள் விரிக்கும் அளவு, அதாவது ஏறக்குறைய 20 சதுர மீட்டர். முதல் ஆண்டில் சேர்ந்தவர்கள் 9 பேர். ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியச் சண்டைக் கலையில் தெஞ்ஜின் ஷின்யோ, கிட்டோ என்ற இரண்டு மரபுகளைக் கற்றிருந்த கானோ, அவற்றிலிருந்து தமக்கு வேண்டியதை எடுத்துப் புதிதாக ஒரு பயிற்சி முறையைக் கோத்தார்.

வணிக நெருக்கடி அன்றே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். சாமுராய் வகுப்பு கலைக்கப்பட்டதும் ஆசான்கள் புரவலர்களை இழந்தனர். 1873இல் சகாகிபாரா கென்கிச்சி வாள்வீச்சுப் போட்டிகளை டிக்கெட் விற்றுப் பொதுமக்களுக்குக் காட்டத் தொடங்கினார். ஜுஜுட்சுக்காரர்களும் அதே வழியில் இறங்கினார்கள். அது பசிக்காகச் செய்த வேலை. அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனாலும் அத்தகைய காட்சிகளால் ஜுஜுட்சுவின் மதிப்பு தாழ்ந்துவிட்டது என்று கானோ கருதினார். அவரது கோடோகன், சந்தை கலையைத் தின்னத் தொடங்கிய பிறகு கொடுக்கப்பட்ட ஒரு மறுமொழி. மரபு வணிகத்தால் தீண்டப்படாமல் இருந்த பொற்காலம் என்று ஒன்றை இந்தக் கதையில் தேடினால் கிடைக்காது.

அவர் அமைத்ததில் நான்கு கூறுகள் முக்கியமானவை. ரண்டோரி என்ற தடையற்ற மோதல் பயிற்சி, காட்டா என்ற வரையறுத்த வடிவப் பயிற்சி, விரிவுரை, கேள்வி-பதில் ஆகிய நான்கும் சேர்ந்ததே பாடம். சேர வருபவர் ஐந்து அம்ச உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். தக்க காரணமின்றிப் பாதியில் விடமாட்டேன், கூடத்தின் பெயரைக் கெடுக்கமாட்டேன், அனுமதியின்றிக் கற்பிக்கமாட்டேன் என்பவை அதில் அடங்கும்.

இன்னொன்று, பலரும் கவனிக்கத் தவறுவது. ஆபத்தான நுட்பங்களை அவர் தூக்கி எறியவில்லை, இடம் மாற்றினார். குத்து, உதை, ஆயுதத் தாக்குதலுக்கான தற்காப்பு ஆகியவை காட்டாவுக்குள் போயின. ரண்டோரியில் அனுமதிக்கப்பட்ட மூட்டுப் பூட்டுகள் படிப்படியாக முழங்கைக்கு மட்டும் என்று சுருங்கின. இதனால் முழு பலத்தோடு மோதினாலும் அடுத்த நாள் அதே இணையோடு மீண்டும் பயிற்சி செய்ய முடிந்தது. எதிராளியின் உடலைக் காப்பது அறிவுரையாக நிற்கவில்லை, எது அனுமதிக்கப்பட்டது என்ற பட்டியலிலேயே இருந்தது. இருவரும் சேர்ந்து வளர்வது என்ற கொள்கையை கானோ 1922இல் முழக்கமாக அறிவித்தார். ஆனால் அந்தக் கொள்கையைச் சுமக்கும் விதிகளை அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்தே கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

இன்றைய கூடங்களில் அந்த நான்கில் இரண்டைக் காணோம். விரிவுரையும் கேள்வி-பதிலும் போய்விட்டன. பெற்றோர் ஒரு மணி நேரத்துக்குப் பணம் கட்டுகிறார்கள். அந்த ஒரு மணி நேரமும் பிள்ளை வியர்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். உட்கார்ந்து பேசும் பத்து நிமிடம் அவர்கள் கண்ணுக்கு வீணாகத் தெரிகிறது. யாரும் தீர்மானம் போட்டு அதை நீக்கவில்லை. கால அட்டவணை நெருக்கியதில் தானாக உதிர்ந்தது.

பெல்ட்டின் கணக்கு

பழைய மரபுகளில் ஆசான் தரும் சான்றோலைகள் மூன்று நான்கு படிகள்தான். ஒரு படிக்கும் அடுத்ததற்கும் நடுவில் பல ஆண்டுகள் ஓடும். அந்த இடைவெளியில் மாணவர் சோர்ந்துபோகிறார் என்பதால் கானோ டான் என்ற தேர்ச்சிப் படிநிலையைக் கொண்டுவந்தார். 1883இல் டோமிடா ட்சுனெஜிரோ, சைகோ ஷிரோ இருவரும் முதல் டான் பெற்றார்கள். கறுப்பு பெல்ட் கட்டும் வழக்கம் அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்தது. மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம் என்ற வண்ண வரிசை ஐரோப்பாவில் முளைத்தது. 1930களில் பாரிஸில் கற்பித்த கவாய்ஷி மிகினோசுகேயின் முறை அதைப் பரவலாக்கியது.

வண்ண பெல்ட்டை வணிகத் தந்திரம் என்று ஒதுக்குவது தவறு. கானோவின் காரணமும் கவாய்ஷியின் காரணமும் ஒன்றுதான்: நீண்ட பாதையில் நடப்பவருக்கு மைல்கல் வேண்டும். மைல்கல் நடுவதே ஒருவரின் வருமானமாகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். கூடத்தில் 60 மாணவர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட் தேர்வு. தேர்வுக் கட்டணம் ஒரு மாதக் கட்டணத்துக்குச் சமம். ஒருவரின் ஒரு மாதக் கட்டணத்தை ஒரு பங்கு என்று வைத்தால், ஆண்டுக்கு மாதக் கட்டணம் 720 பங்கு. தேர்வுக் கட்டணம் 240 பங்கு. மொத்த வருமானத்தில் கால் பகுதி தேர்விலிருந்து வருகிறது. வாடகை, காப்பீடு, பாய் மாற்றும் செலவு எல்லாம் போகக் கையில் மிஞ்சுவது பல கூடங்களில் அந்தக் கால் பகுதிதான். இப்போது தேர்வில் மூன்றில் ஒருவர் தயாராக இல்லை என்றால் ஆசிரியர் என்ன செய்வார்? தேர்வுக்கு அனுப்பாவிட்டால் 20 பங்கு குறையும். அனுப்பித் தோற்கடித்தால் பெற்றோர் முகம் சுளிப்பார்கள். சிலர் பிள்ளையை நிறுத்திவிடுவார்கள். தேர்ச்சி கொடுத்தால் எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆசிரியர் நேர்மையானவராகவே இருக்கட்டும். ஒவ்வொரு மூன்று மாதமும் தம் நேர்மைக்குத் தம் வீட்டுச் செலவிலிருந்து விலை கொடுக்கும்படி அமைந்த கூடத்தில் நேர்மை நெடுநாள் தாங்காது.

இந்த அமைப்பு அடுத்தடுத்து வளர்கிறது. பெல்ட்டுக்கு நடுவில் கோடுகள், கோட்டுக்கும் ஒரு கட்டணம். கறுப்பு பெல்ட் வரை இத்தனை ஆண்டு என்று முன்கூட்டியே ஒப்பந்தம். ஒப்பந்தத்தில் தேதி இருக்கிறது, திறன் இல்லை. எட்டு வயதுப் பிள்ளை கறுப்பு பெல்ட் கட்டிக்கொண்டு, தன்னைவிடப் பத்து கிலோ கூடுதலான ஒருவரைக் கட்டுப்பாட்டோடு கீழே இறக்கத் தெரியாமல் நிற்கும் காட்சிக்கு இதுவே காரணம்.

கோடோகனில் முதல் டானுக்கு மோதல் பயிற்சியில் தேர்ச்சியோடு, வீச்சுகளுக்கான காட்டாவான நாகே-நோ-காட்டாவின் முதல் மூன்று தொகுதிகளையும் செய்துகாட்ட வேண்டும்: கை வீச்சு மூன்று, இடுப்பு வீச்சு மூன்று, கால் வீச்சு மூன்று. ஒவ்வொன்றும் வலம், இடம் என இருபுறமும். வீசுபவர் மட்டுமல்ல, விழுபவரும் பதினெட்டு முறை சரியாக விழுந்தாக வேண்டும். இருவரில் ஒருவர் சறுக்கினாலும் வடிவம் குலைகிறது. இணையைப் பொறுப்போடு நடத்தத் தெரியாதவரை வடிகட்ட இதைவிட எளிய தேர்வு இல்லை. வெளி நாடுகளின் பல கூடங்கள் முதலில் கைவிட்டதும் இதைத்தான். காட்டா கற்பிக்க நேரம் பிடிக்கும், பார்வையாளருக்கு அலுப்பு.

புள்ளி எதை அளக்கிறதோ, உடல் அதைச் செய்யும்

கானோ 1909இலேயே சர்வதேச ஒலிம்பிக் குழுவின் உறுப்பினர், ஆசியாவிலிருந்து முதல் உறுப்பினர். ஆனாலும் ஜூடோவை ஒலிம்பிக்கில் சேர்க்க அவர் முண்டியடிக்கவில்லை. அவர் மறைந்தது 1938இல். ஜூடோ ஒலிம்பிக்கில் நுழைந்தது 1964 டோக்கியோவில். மூன்று எடைப் பிரிவுகள், கூடவே எடை வரம்பற்ற திறந்த பிரிவு. அந்தத் திறந்த பிரிவின் இறுதியில் நெதர்லாந்தின் ஆன்டன் கீசிங்க், ஜப்பானின் கமினாகா அகியோவைப் பிடித்து அமுக்கி வென்றார். மகிழ்ச்சியில் பாய்க்கு ஓடிவந்த நெதர்லாந்து ரசிகர்களை அவர் கையை உயர்த்தித் தடுத்துவிட்டு, பிறகு எழுந்து வணங்கினார். தோற்ற நாட்டினர் அவரை மதித்ததற்கு அந்தக் கை ஒரு பெரிய காரணம்.

இருபது ஆண்டுகள் கழித்து நீல உடையை முன்மொழிந்தவரும் அதே கீசிங்க்தான். 1986இல் அவர் சொன்னார்; 1997இல் சர்வதேசக் கூட்டமைப்பு ஏற்றது. நடுவருக்கும் தொலைக்காட்சிப் பார்வையாளருக்கும் இருவரையும் பிரித்துக்காட்ட வேண்டும் என்பது காரணம். ஜப்பான் கடுமையாக எதிர்த்தது. வெண்மை மரபு என்பது ஒரு வாதம். ஒவ்வொரு வீரரும் இரண்டு உடை வாங்க வேண்டுமே என்பது மற்றொன்று. எங்கள் மதிப்பீட்டில் இந்தச் சண்டை தவறான இடத்தில் நடந்தது. உடையின் நிறம் மாறியதால் ஒரு வீச்சும் கெடவில்லை. வசதியில்லாத குடும்பங்களுக்குச் செலவு கூடியது, அது உண்மையான இழப்பு. ஆனால் கலையின் உள்ளடக்கத்தை மாற்றியவை யாரும் அவ்வளவு சத்தம் போடாத புள்ளி விதிகள்.

1970களில் சிறு புள்ளிகளான யுகோவும் கோகாவும் வந்தன. முழு வீச்சான இப்போனுக்குக் காத்திருக்காமல், எதிராளியைப் பின்பக்கமாக உட்கார வைத்தாலே கோகா கிடைத்தது. அதன் பிறகு அதைப் பாதுகாத்துக்கொண்டு நேரம் கடத்தலாம். குனிந்த நிலை, காலைப் பிடித்து இழுத்தல், பிடியே கொடுக்காமல் நழுவுதல் ஆகியவை பெருகின. கோகா 2009 வாக்கில் நீக்கப்பட்டது. காலைக் கையால் பிடிக்கும் தாக்குதலுக்கு 2010இல் கடும் கட்டுப்பாடு, 2013இல் முழுத் தடை. யுகோ 2017இல் போய், 2025இல் திரும்பி வந்திருக்கிறது.

கால்பிடித் தடையின் நோக்கம் நல்லது: நிமிர்ந்து நின்று ஆடும் ஜூடோவை மீட்பது. நிமிர்ந்த நிலை ஓரளவு மீண்டது. ஆனால் மொரோடே-காரி, குச்சிகி-தாவோஷி, கிபிசு-கயேஷி, தோளில் தூக்கும் காட்டா-குருமாவின் பழைய வடிவம் ஆகிய கால்பிடி வீச்சுகள் போட்டியிலிருந்து மறைந்தன. போட்டியில் இல்லாததைப் பயிற்சியாளர் கற்பிப்பதில்லை. கற்பிக்காததை அடுத்த தலைமுறை அறியாது. இவை கோடோகனின் பட்டியலில் பெயராக இருக்கின்றன. உடலில் வைத்திருப்பவர்கள் வயதாகிக்கொண்டிருக்கிறார்கள்.

கொரியாவின் உதைக் கலையான டேக்வாண்டோவில் இதே விதி இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மின்னணு மார்புக்கவசமும் காலுறை உணரியும் பயன்பட்டன. பாரபட்சமான நடுவர்களைத் தவிர்க்க வந்த கருவி அது. ஆனால் கருவிக்குத் தொடுகை தெரியும், உதையின் முழுமை தெரியாது. முன்காலை உயர்த்தி ஒற்றைக்காலில் நின்றபடி கவசத்தைத் தட்டும் ஆட்டம் பரவியது. நேர்மைக்காக வாங்கிய கருவி நுட்பத்தை வளைத்துவிட்டது.

சட்டைக்கை பிடித்த கை

ஜூடோவில் விழுமியம் எங்கே இருக்கிறது என்று ஒரே ஓர் இடத்தைச் சுட்டச் சொன்னால், வீசுபவர் எதிராளியின் சட்டைக்கையைப் பிடித்திருக்கும் கையைச் சுட்டுவோம். வீச்சு முடியும் கணத்தில் அந்தக் கை மேல்நோக்கி இழுத்தால் விழுபவரின் மேலுடல் சற்றே உயர்கிறது, பக்கவாட்டில் திரும்புகிறது, தலை தரையில் மோதுவதில்லை. அந்தக் கை விட்டுவிட்டாலோ, கூடவே வீசுபவரும் மேலே விழுந்தாலோ, அத்தனை வேகமும் விழுபவரின் தலைக்கும் தோளுக்கும் போகிறது.

ஜப்பானியப் பள்ளிகளில் 1983க்குப் பிறகான சுமார் முப்பது ஆண்டுகளில் ஜூடோ தொடர்பாக நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்தார்கள். கலை பிறந்த நாட்டிலேயே இது நடந்தது; ஒழுக்கமும் மரியாதையும் ஒவ்வொரு கூடத்திலும் உச்சரிக்கப்பட்ட நாட்டிலேயே நடந்தது. நடுநிலைப் பள்ளியிலும் மேல்நிலைப் பள்ளியிலும் முதலாண்டு மாணவர்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். தலைக்காயத்தில் முன்னின்ற வீச்சு ஓசோட்டோ-காரி.

ஏன் அந்த வீச்சு? எதிராளியின் எடையை ஒரு குதிகாலில் ஏற்றி, அந்தக் காலையே பின்னாலிருந்து வாரிவிடுவது ஓசோட்டோ-காரி. விழுபவர் நேராகப் பின்னோக்கிப் போகிறார். தலைதான் மிக நீண்ட வளைவில் மிக வேகமாக இறங்குகிறது. கழுத்து பலமற்ற, தாடையை நெஞ்சோடு ஒட்டத் தெரியாத புதியவருக்குத் தலை பின்னால் சுண்டும். தலை தரையில் படாவிட்டாலும்கூட அந்தச் சுழற்சி வேகத்தில் மூளைக்கும் உறைக்கும் நடுவே செல்லும் சிரைகள் கிழியலாம். மூளையுறைக்கு அடியில் இரத்தம் கசிந்து தேங்குகிறது. சிலர் உடனே மயங்குவார்கள். சிலர் வெறும் தலைவலி என்று சொல்லிவிட்டுச் சில நாள் கழித்துப் பயிற்சிக்கு வருவார்கள். இரண்டாவது அடி கொல்லலாம்.

இந்த எண்ணிக்கை 2010ஐ ஒட்டிப் பொதுவெளியில் பேசப்பட்டது. 2012 ஏப்ரலில் ஜப்பானின் நடுநிலைப் பள்ளிகளில் தற்காப்புக் கலை கட்டாயப் பாடமாகவிருந்த சூழலில் கவலை கூடியது. அனைத்து ஜப்பான் ஜூடோ கூட்டமைப்பு பாதுகாப்பு வழிகாட்டிகளைத் திருத்தியது. ஆசிரியர்களுக்குத் தலைக்காயம் பற்றிய பயிற்சி வந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. பிரான்சில் வேறு பாதை இருந்தது. அங்கே 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசு சான்றிதழ் இல்லாதவர் ஜூடோ கற்பிக்கக் கட்டணம் வாங்க முடியாது. பணிவு, தைரியம், நட்பு முதலிய எட்டு விழுமியங்கள் பிரெஞ்சுக் கூடங்களின் சுவரில் அழகாக எழுதப்பட்டிருப்பதைப் பலரும் புகழ்வார்கள். அவை வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்தச் சட்டம் வந்துவிட்டது என்பதை யாரும் சொல்வதில்லை.

புதியவருக்கான வரிசை இப்படி இருக்க வேண்டும் என்பது எங்கள் பரிந்துரை. முதல் இரு வாரம் மல்லாந்து படுத்த நிலையிலேயே கை தட்டும் பயிற்சி. கை உடலிலிருந்து 30 முதல் 45 பாகை கோணத்தில், உள்ளங்கை கீழ்நோக்கி, கண் பெல்ட் முடிச்சைப் பார்த்தபடி. கண் முடிச்சில் இருந்தால் தாடை தானாக நெஞ்சோடு ஒட்டும். கோணம் விரிந்து தோளுக்கு நேராகப் போனால் தோள்மூட்டு அடிவாங்கும். உடலோடு ஒட்டினால் கை தனக்குக் கீழேயே மாட்டிக்கொள்ளும். அடுத்த இரு வாரம் குந்திய நிலையிலிருந்து பின்னோக்கியும் பக்கவாட்டிலும். பிறகே நின்ற நிலை, அதன் பின் உருண்டு விழுதல். பின்னால் கையூன்றுவது மிகச் சாதாரணமான பிழை. மணிக்கட்டும் முழங்கையும் உடைவது அதனால்தான். அந்தப் பழக்கம் ஒருவரிடம் ஒருமுறை தென்பட்டாலும் அவரை முந்தைய நிலைக்கே திருப்பி அனுப்ப வேண்டும்.

வீச்சுகளில் முதலில், விழுபவர் முழங்காலிட்டிருக்க, வீசுபவர் மெல்லக் கவிழ்ப்பது. பிறகு ஹிசா-குருமா, உகி-கோஷி போன்று விழுபவர் பக்கவாட்டில் வந்து இறங்கும் வீச்சுகள். ஓசோட்டோ-காரி முதல் மூன்று மாதம் வேண்டாம். அதன் பிறகும் முதலில் தடித்த மெத்தையின் மேல்தான். 4 சென்டிமீட்டர் தடிமனுள்ள வழக்கமான பாய் நன்றாக விழத் தெரிந்தவருக்கானது. தலையில் அடிபட்டவர் அன்று மீண்டும் பாயில் ஏறக்கூடாது. தலைவலியோ வாந்தியோ இருந்தால் உடனே மருத்துவமனை. மருத்துவர் சொல்லாமல் திரும்பக்கூடாது. இதில் ஆசானின் அனுபவத்துக்கோ மாணவரின் வீரத்துக்கோ வேலை இல்லை.

இந்த வரிசை வணிகத்தோடு நேராக மோதும். முதல் மாதத்திலேயே ஒரு வீச்சாவது கற்றுத் தராவிட்டால் புதியவர் நிற்கமாட்டார் என்று ஆசிரியர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் பொய்யல்ல. அதற்கான தீர்வு தரைப் பயிற்சியில் இருக்கிறது: அமுக்குப்பிடிகளை முதல் நாளிலேயே கற்பிக்கலாம், முழு பலத்தோடு முயலலாம், விழும் ஆபத்து இல்லை. புதியவருக்கு மோதலின் சுவை கிடைத்துவிடுகிறது.

பத்து வயதில் தேசியப் போட்டி

2022இல் அனைத்து ஜப்பான் ஜூடோ கூட்டமைப்பு, தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கான தேசியத் தனிநபர் போட்டியை நிறுத்திவிட்டது. வளரும் பிள்ளைகளின் எடையைக் குறைக்க வைத்தார்கள்; பெற்றோரும் பயிற்சியாளர்களும் நடுவரை நோக்கிக் கத்தினார்கள்; வெற்றியே எல்லாம் என்ற நிலை வந்துவிட்டது என்பது காரணம். அறிக்கை விட்டுக் கண்டிப்பது எளிது. கூட்டமைப்பு அதோடு நிற்காமல் தூண்டுதலையே எடுத்துவிட்டது. இந்த ஆய்வில் நாங்கள் பார்த்தவற்றுள் மிகத் துணிவான முடிவு இதுதான்.

ஒரு பத்து வயதுப் பிள்ளை வெல்ல எளிய வழி, ஒரே வீச்சை ஒரே பக்கம் ஆயிரக்கணக்கில் செய்வதும், எடையைப் பயன்படுத்தி அமுக்குவதும். பதினாறு வயதில் எல்லாரும் வளர்ந்துவிட்ட பிறகு அவனிடம் வேறொன்றும் இருக்காது. அப்போது அவன் விட்டுப் போகிறான்.

காலத்தை விலையாக வைத்த கெண்டோ

மூங்கில் வாளால் மோதும் கலையான கெண்டோ இதே ஜப்பானில் வேறு முடிவு எடுத்தது. ஒலிம்பிக்கில் சேர அது முயலவில்லை. 1975இல் அதன் கூட்டமைப்பு கெண்டோவின் நோக்கத்தை எழுத்தில் வரையறுத்தது. ஆனால் அந்த வரையறையைவிட வலுவானது புள்ளி விதி. அடி இலக்கில் பட்டால் மட்டும் போதாது. உரிய மனவேகம், வாளின் கோணம், உடல்நிலை ஆகியவற்றோடு, அடித்த பிறகும் விழிப்பு குறையாமல் நிற்க வேண்டும். மூன்று நடுவர்களில் இருவர் கொடி உயர்த்தினால்தான் புள்ளி. புள்ளி பெற்றவர் கையை உயர்த்தி வெற்றிக்களிப்பு காட்டினால் அந்தப் புள்ளியையே ரத்து செய்யலாம். அடக்கம் அங்கே ஓர் உபதேசமல்ல; அதை இழந்தால் போட்டியையே இழக்க நேரும்.

படிநிலையிலும் காத்திருப்பு எழுதப்பட்டுள்ளது. இரண்டாம் டானுக்கு 1 ஆண்டு, மூன்றாவதற்கு 2, நான்காவதற்கு 3, ஐந்தாவதற்கு 4, ஆறாவதற்கு 5, ஏழாவதற்கு 6. கூட்டினால் முதல் டானிலிருந்து ஏழாம் டானுக்குக் குறைந்தது 21 ஆண்டுகள். எட்டாவதற்கு மேலும் 10 ஆண்டுகள், வயது 46 ஆகியிருக்க வேண்டும். அந்தத் தேர்வில் தேறுபவர் நூற்றுக்கு ஒருவர் அளவே. பணம் எவ்வளவு இருந்தாலும் இந்த ஆண்டுகளைச் சுருக்க முடியாது.

இதுவும் முழுக் கவசமல்ல. 2018இல் இதே கூட்டமைப்பின் கீழுள்ள, வாளை உருவி வீசும் கலையான இயாய்டோவில், உயர் டான் தேர்வுக்காகத் தேர்வாளர்களுக்குப் பணம் கொடுக்கும் வழக்கம் இருந்தது வெளியே வந்தது. காத்திருக்கும் ஆண்டுகள் விதியில் இருந்தன. தேர்வாளரும் தேர்வு எழுதுபவரும் ஒரே ஆசான்-சீடர் வட்டத்துக்குள் இருப்பதைத் தடுக்கும் விதி பலவீனமாக இருந்தது. ஓட்டை எங்கே இருக்கிறதோ பணம் அங்கே நுழைகிறது.

கூடத்துக்குள் கொண்டுவருவது

ஒரு கூடம் உலகக் கூட்டமைப்பின் புள்ளி விதியை மாற்ற முடியாது. தன் கட்டணத்தையும் கால அட்டவணையையும் மாற்றலாம்.

முதலில் தேர்வையும் வருமானத்தையும் பிரிக்க வேண்டும். மேலே போட்ட கணக்கையே எடுத்தால், 240 பங்கைப் பன்னிரண்டு மாதங்களில் பரப்பி மாதக் கட்டணத்தை மூன்றில் ஒரு பங்கு உயர்த்திவிட்டு, தேர்வுக்குத் துணி பெல்ட்டின் அடக்க விலையும் சான்றிதழ்ச் செலவும் மட்டும் வாங்கலாம். வருமானம் அதேதான். ஆனால் இனி ஒருவரைத் தடுத்து நிறுத்துவதால் ஆசிரியருக்கு இழப்பு இல்லை. உயர்ந்த மாதக் கட்டணத்தைப் பார்த்துச் சிலர் சேராமல் போவார்கள். சேரும்போதே மறைமுகக் கட்டணம் எதுவுமில்லை என்று எழுத்தில் கொடுப்பது அந்த இழப்பைக் குறைக்கும். வசதியற்ற மாணவருக்குக் கட்டணச் சலுகை தருவதானால், பாய் துடைப்பது போன்ற வேலைகளை அதற்கு ஈடாக அவரிடம் மட்டும் வாங்கக் கூடாது. பாயை எல்லாரும் துடைக்க வேண்டும், கறுப்பு பெல்ட் உட்பட.

தேர்வாளர் வெளியிலிருந்து வர வேண்டும். இரண்டு மூன்று கூடங்கள் சேர்ந்து ஆசிரியர்களை மாற்றிக்கொள்ளலாம். தம் மாணவரைத் தாமே தேறவைக்கும் உரிமை ஆசிரியருக்கு இருக்கக்கூடாது. தேர்வுக்கு அனுப்பாமல் நிறுத்தும் உரிமை மட்டும் போதும். ஒவ்வொரு படிக்கும் குறைந்தபட்ச மாதமும் குறைந்தபட்ச வருகையும், இரண்டும் வேண்டும். மாதம் மட்டும் வைத்தால் வராதவர் தேறுவார். வருகை மட்டும் வைத்தால் பணமுள்ளவர் தனி வகுப்பு எடுத்து ஓடுவார்.

90 நிமிட வகுப்பில் வணக்கத்துக்கும் வருகைப் பதிவுக்கும் 5, உடல் சூடேற்றலுக்கும் விழும் பயிற்சிக்கும் 15, வீச்சின் நுழைவை மட்டும் திரும்பத் திரும்பச் செய்ய 15, முழு வீச்சுக்கு 15, தரைப் பயிற்சிக்கு 10, ரண்டோரிக்கு 20 (மூன்று நிமிடச் சுற்று ஐந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிட இடைவெளி), கேள்வி-பதிலுக்கு 10. ஐந்து சுற்றில் ஒன்றேனும் தன்னைவிடப் புதியவரோடு என்பது மூத்தவருக்குக் கட்டாயம். அந்தச் சுற்றில் மூத்தவர் எத்தனை முறை வீசினார் என்பதைவிட, புதியவருக்கு எத்தனை முறை வாய்ப்பு கொடுத்தார், விழுந்தபோது சட்டைக்கையை விட்டாரா என்பதையே ஆசிரியர் பார்க்க வேண்டும். கை விட்டவரை அடுத்த தேர்வுக்கு அனுப்பக்கூடாது. இந்த ஒரு விதி நடைமுறைக்கு வந்த கூடத்தில் மரியாதை பற்றித் தனியே சொற்பொழிவு தேவைப்படாது.

கடைசிப் பத்து நிமிடத்தைக் காப்பாற்றுவதுதான் மிகக் கடினம். வகுப்பு தாமதமாகத் தொடங்கினால் முதலில் வெட்டப்படுவது அதுதான். எனவே அதை வகுப்பின் நடுவில், ரண்டோரிக்கு முன் வைக்கலாம். மூச்சு வாங்கும் நேரமாகவும் அமையும். ஏன் குதிகாலில் எடை ஏற்ற வேண்டும், ஏன் இந்த வீச்சு உயரமானவரிடம் பலிக்கவில்லை என்ற கேள்விகளிலிருந்து தொடங்கினால், ஏன் வணங்குகிறோம் என்ற கேள்வியும் தானாக வரும்.

காட்டாவைக் காக்க அதற்கென உலகப் போட்டி 2009 முதல் நடக்கிறது. அது பலரைக் காட்டா பக்கம் திருப்பியது, நன்மையே. ஆனால் பிழைக்குப் புள்ளி குறைக்கும் முறையில் விழுபவர் தானாகத் துள்ளி விழக் கற்றுக்கொள்கிறார். வீச்சு அழகாகத் தெரிகிறது, சமநிலை குலைக்கப்படவே இல்லை. கூடத்தில் இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. விழுபவரிடம் துள்ளாதே, எடையை மட்டும் கொடு என்று சொல்லுங்கள். வீச்சு நடந்தால் காட்டா உயிரோடு இருக்கிறது.

இத்தனையும் செய்து பார்க்கும் கூடம் ஒரு பதிவேடு வைத்தால் போதும். அதில் மூன்று பத்திகள்: காயம் (எந்த வீச்சு, யாரோடு, எந்த நிமிடம்), தேர்வுக்கு அனுப்பாமல் நிறுத்தியவர்கள், கறுப்பு பெல்ட் பெற்று ஓராண்டுக்குப் பிறகும் பாயில் இருப்பவர்கள். ஓராண்டு கழித்துப் பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தால், அந்தக் கூடம் பெல்ட்டை இலக்காக விற்றிருக்கிறது என்று பொருள். அப்போது தேர்வுப் பாடத்திட்டத்தில் கை வைக்காமல், முதல் டான் பெற்றவருக்குக் கூடத்தில் என்ன வேலை இருக்கிறது என்று பார்க்க வேண்டும்: புதியவர் ஒருவரின் விழும் பயிற்சிக்கு மூன்று மாதம் பொறுப்பு, நாகே-நோ-காட்டாவின் மீதி ஆறு வீச்சுகள், ஆசிரியரின் வகுப்பில் வாரம் ஒருநாள் துணை. பெல்ட் கட்டிக்கொள்ளும் அன்றே இவை அவர் பெயரில் பதிவேட்டில் ஏற வேண்டும்.